கஸ்தூரி சொன்னதும் நான் சொன்னதும்

1

காலை ஏழு மணிக்கு எங்கள் பள்ளி வாசலுக்கு வந்தால் என்னைப் பார்க்கலாம். கையில் ஒரு அட்டை, அதில் செருகிய தாள், காதில் பேனா. பதினான்கு பேருந்துகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். குழந்தைகள் இறங்கியதும் நான் ஏறுவேன். கடைசி இருக்கை வரை நடந்து, குனிந்து, இருக்கைகளுக்கு அடியிலும் பார்த்துவிட்டு இறங்குவேன். ஒரு சர்வதேசப் பள்ளியின் முதல்வர் இப்படி வேர்த்து வழியக் குனிந்து நிமிர்வதைப் பார்த்துப் பெற்றோர்கள் உருகிப்போகிறார்கள். எவ்வளவு பொறுப்பு என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுப்பாம் பொறுப்பு.

மாகறலில் பிறந்து, காஞ்சிபுரத்தில் படித்து, மூன்று நாடுகளில் நான்கு பள்ளிகளுக்குத் தலைமை தாங்கியவள் நான். இப்போது இருப்பது வளைகுடாவில். ஊரில் இருக்கும் உங்களுக்காக அவ்வப்போது எழுதும் குறிப்புகளில் மணற்புயலைப் பற்றி எழுதினேன். குடியிருப்பு அட்டைக்காக ஒரே ஜன்னலில் ஆறு தடவை நின்றதை எழுதினேன். வாடாத முருங்கைக்கீரை கிடைக்காத துக்கத்தைக்கூட ஒரு பக்கம் எழுதினேன். போன வருடம் நடந்ததை மட்டும் எழுதவில்லை. இந்த வாரத்தோடு அதற்கு ஒரு வருடம் ஆகிறது.

எங்கள் பேருந்து ஒன்றில் உதவியாளராக இருந்த ஐயம்பேட்டை கஸ்தூரி, குழந்தையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்ற பெயரோடு ஊர் திரும்பினாள். அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது என் வாய். அதைத் திரும்ப வாங்க முடியுமா, வாங்கும் துணிச்சல் எனக்கு உண்டா என்பதுதான் இந்த ஒரு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது.

2

கஸ்தூரியை நான்தான் வேலைக்கு எடுத்தேன். நேர்காணலில் "எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "காஞ்சிபுரம்" என்றாள். "காஞ்சிபுரத்தில் எங்கே?" என்று தமிழில் கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஐயம்பேட்டைமா. நீங்க நம்ம பக்கமா?"

"மாகறல்."

"ஐயோ, மாகறலா! எங்க சின்ன மாமியார் ஊரு. நான் வந்துக்கினு போய்க்கினு இருந்த ஊரும்மா அது!"

அவ்வளவுதான், வேலை கொடுத்துவிட்டேன். மற்றவர்களுக்கு நான் வைக்கும் மூன்று தேர்வுகளில் ஒன்றைக்கூட அவளுக்கு வைக்கவில்லை. ஊர்ப்பாசம் என்று இதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறோம்.

பேருந்து உதவியாளர்களுக்கு ஒரு தாள் உண்டு. ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று இரண்டு கட்டங்கள். மற்றவர்கள் பிள்ளைகளின் தலையைத் தட்டித் தட்டி எண்ணுவார்கள். கஸ்தூரி எண்ண மாட்டாள். பேருந்து நின்றதும் படியருகே நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வந்த பிள்ளையின் தாடையைத் தொட்டு இறக்கிவிடுவாள். முப்பத்தொரு பெயர். லெபனான் பிள்ளை, கொரியப் பிள்ளை, நைஜீரியப் பிள்ளை, எல்லார் பெயரும் அவள் நாக்கில் ஐயம்பேட்டைப் பெயர்களாகிவிடும். எல்லாரும் இறங்கியதும் இரண்டு கட்டத்திலும் முப்பத்தொன்று என்று போடுவாள்.

ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். "ஏன் கஸ்தூரி, எண்ணலையா?" என்று கேட்டேன்.

"புள்ளைங்கள விரல் வுட்டு எண்ணுவாங்களாம்மா? கண்ணு பட்டுடாது? பேர சொன்னா போதாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மாவும் அப்படித்தான். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் எண்ணிக்கை சொல்ல மாட்டாள். பெரியவன், அடுத்தவள், சின்னவன் என்று ஆளாளாகச் சொல்லி முடிப்பாள். பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகளை யாராவது ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அம்மாவுக்குக் கோபம் வந்து கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். மனிதப் பிள்ளைகளை ஆட்டுக்குட்டி மாதிரி எண்ணக் கூடாது, எண்ணினால் ஒன்று குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் உறுதியான எண்ணம். அதைப் பல ஆயிரம் மைல் தள்ளி ஒரு பேருந்துப் படியில் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விதி விதிதான், எண்ணு என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சொல்லாததோடு நிற்கவும் இல்லை. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் பெருமை அடித்துக்கொண்டேன். "வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தும் உங்களில் பலருக்குப் பெயர் குழறுகிறது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எண்ணுவதே இல்லை, பெயரால் அறிகிறாள்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். கஸ்தூரி கதவோரம் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் என் கை தன்னைக் காட்டியது அவளுக்குப் புரிந்திருந்தது. வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

3

அன்று ஒரு பேருந்தில் குளிர்சாதனம் பழுது. அதில் வர வேண்டிய பிள்ளைகளை மற்ற பேருந்துகளுக்குப் பிரித்துவிட்டார்கள். ஒரு பையன் கஸ்தூரியின் பேருந்துக்கு வந்தான். நான்கு வயது, பெயர் ரயான். செய்தி அவள் கைபேசிக்கு ஆங்கிலத்தில் போனது. அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் ரயானை ஏற்றிப் பின்னால் உட்காரவைத்துவிட்டார். அவன் உட்கார்ந்ததும் தூங்கிப்போனான்.

பள்ளியில் கஸ்தூரி முப்பத்தொரு பெயரையும் கூப்பிட்டாள். முப்பத்தொரு பேரும் இறங்கினார்கள். பின்சீட்டு வரை நடந்து பார்ப்பதும் விதிதான். பெயரெல்லாம் சரியாக வந்துவிட்ட பிறகு எதற்கு நடப்பது என்று அவள் நடக்கவில்லை. ஓட்டுநர் பேருந்தைக் கொண்டுபோய்த் திடலில் நிறுத்திப் பூட்டினார்.

நான் அறையில் யாரோ ஒருவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. "என் மகன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. நான்தானே ஏற்றி அனுப்பினேன்?" என்றாள் ஒரு தாய். குரலில் இன்னும் பயம் வரவில்லை, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்ற சலிப்பு மட்டும்தான். கடிகாரத்தைப் பார்த்தேன். பேருந்துகள் பூட்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே அந்த நேரத்திலேயே செருப்பில்லாமல் தரையில் கால் வைக்க முடியாது.

ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திடலில் ஓடினேன். எந்தப் பேருந்து என்று தெரியாது. "கஸ்தூரி! கஸ்தூரி!" என்று ஏன் அவள் பெயரைக் கத்தினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சமையலறைப் பக்கத்திலிருந்து அவள் ஓடி வந்தாள்.

"இன்னாமா? யாரும்மா?"

"ஒரு பையன். ரயான். உன் வண்டியில் ஏறினானா?"

"அந்தப் பேர்ல எங்கிட்ட யாரும் இல்லியேமா..." என்று சொல்லும்போதே அவள் முகம் வெளுத்தது. எனக்கு முன்னால் ஓடினாள்.

ஓட்டுநர் சாவியோடு வந்தார். திறப்பதற்குள் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. கதவு திறந்ததும் உள்ளிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. பையன் கதவுக்கு உட்புறப் படியில் உட்கார்ந்திருந்தான். காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தான். சட்டை வேர்வையில் தோய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை.

கஸ்தூரி அவனை அள்ளிக்கொண்டாள். "சாமி, சாமி, கண்ணத் தொறந்துக்கினு இருடா" என்று சொல்லிக்கொண்டே மருத்துவ அறைக்கு ஓடினாள். அவள் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பையன் பிழைத்தான். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் வீட்டில் சைக்கிள் கேட்டு அழுததாக அவன் தாய் சொன்னாள். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

4

நிர்வாகக் குழு விசாரணை வைத்தது. தலைவர், வழக்கறிஞர், உரிமையாளரின் ஆள் என்று மூன்று பேர். முதல் கேள்வி என்னிடம்தான் வரும் என்று எனக்குத் தெரியும். இந்த உதவியாளர் எண்ணுவதில்லை என்று பள்ளிக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றால் முதல்வரின் உரிமம் போகும், வழக்கு வரும், சிறைகூட வரலாம். ஆசிரியர் கூட்டத்தில் கைதட்டிய ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறப்பேனா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் என்னைக் கேட்பதற்கு முன் கஸ்தூரியைக் கேட்கக் குழு முடிவு செய்தது.

தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் யாரையும் அழைத்திருக்கவில்லை. தலைவருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "நீங்கள் இருவரும் ஒரே ஊர்தானே, நீங்களே சொல்லிவிடுங்களேன்" என்றார்.

அது முறையல்ல என்று சொல்லப் பள்ளி நிர்வாகம் படித்திருக்க வேண்டியதில்லை. நான் படித்தும் இருக்கிறேன். தலையாட்டினேன்.

கஸ்தூரி நின்றுகொண்டுதான் பேசினாள். குழுவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துப் பேசினாள்.

"எனக்கு எண்ணத் தெரியும்மா. தறியில இழை எண்ணி வளந்தவ நான். புள்ளைங்கள எண்ணக் கூடாதுன்னுதான் எண்ணல. உங்களுக்கே அது தெரியும். நீங்க பாத்து சிரிச்சீங்க. மீட்டிங்ல எல்லாரையும் வெச்சிக்கினு நல்லாச் சொன்னீங்க. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்திக்கினு இருப்பேன். புதுப் புள்ள ஏறினதும் எனக்கு யாரும் சொல்லல. பின்னாடி போய்ப் பாக்காதது என் தப்பு. அத நான் ஒத்துக்கறேன். அத மட்டும் ஒத்துக்கறேன்."

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "கவனக் குறைவாக இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறாள்."

வழக்கறிஞர் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "தெரியாது" என்றேன். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரல் வைத்துக் காட்டியதும் நான்தான். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளின் கீழே கஸ்தூரி தமிழில் பெயர் எழுதினாள்.

ஒரு வாரத்தில் அவள் விசா ரத்தானது. இனி இந்த நாட்டில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் வரக் கூடாது என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். நெருக்கடியைத் திறமையாகக் கையாண்டதற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு என் அறைச் சுவரில் மாட்டினார்கள். நான் தடுக்கவில்லை.

வெளிநாட்டில் படிக்கும் என் மகள் யாழினியிடம் எட்டு மாதம் கழித்துத்தான் இதைச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கஸ்தூரிக்காகப் பேச வேறு யாராவது இருந்தார்களா என்றாள். இல்லை என்றேன். பிறகு மூன்று வாரம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, கோயிலில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்றும் தெரியாது. கைவிட்டுப் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். இதில் என்னை எங்கே குத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

5

இந்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். கைப்பையில் நிர்வாகக் குழுவுக்கு எழுதிய கடிதம் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன். எழுதிவிட்டேனே தவிர, அனுப்பும் தைரியம் வரவில்லை. அவளிடம் காட்டினால் வரும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேனே, அவள் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசையும் இருந்தது.

கஸ்தூரி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். "வாங்க" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"வேலை?" என்று கேட்டேன்.

"ஆடித் தள்ளுபடி. பட்டுக் கடையில பொடவை மடிக்கறேன். சாயந்தரம் எண்ணி ஒப்படைக்கறதும் நான்தான். ஒண்ணுகூடக் கொறஞ்சதில்ல."

"ஸ்கூல் வேன்ல ஏதாவது..."

"கேட்டேன். அந்த நாட்டுல புள்ளைய வண்டியில வெச்சிப் பூட்டிட்டு வந்தவளாமேன்னு கேட்டுட்டு அனுப்பிட்டாங்க. எங்க நாத்தனாரு தன் புள்ளைய ஒரு மணி நேரம் எங்கிட்ட வுட மாட்டேங்கறா. இங்க தூக்கிக்கினு வந்தா மடியிலயே வெச்சிக்கினு இருக்குறா."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, என்னைச் சமாதானம் செய்யவும் இல்லை. காலித் தம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் அன்னிக்கு அவ்ளோ நேரம் பேசினேன். நீங்க ஒரு மூச்சுல முடிச்சிட்டீங்க. இங்கிலீஷ் தெரியாதுன்னா அதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்து போட்ட?"

"அங்க எனக்குன்னு பேச இருந்தது நீங்க ஒருத்தர்தான். உங்க வாயையும் வேணாம்னு சொல்லிட்டு நான் யாரைக் கூப்புடறது?"

கடிதத்தை எடுத்து நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு நீங்க சொல்லுவீங்க. நான் நம்பணும். மறுபடியுமா?" என்றவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "கடைக்கு நேரமாச்சு. அனுப்பறதுன்னா அனுப்புங்க. எங்கிட்ட கேக்காதீங்க."

இத்தனை வருடப் பள்ளி வாழ்க்கையில் எத்தனையோ பேரை என் அறைக்கு வெளியே காக்கவைத்து அனுப்பியிருக்கிறேன். என்னை ஒருத்தர் இப்படி அனுப்பியது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலமே காஞ்சிபுரத்திலிருந்து கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன்.

6

இங்கே திரும்பியதும் தலைவர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "முடிந்த விஷயம். பையனின் குடும்பமே மறந்துவிட்டது. அடுத்த மாதம் பள்ளிக்கு உரிமம் புதுப்பிக்க வேண்டும். இதை நீங்கள் அனுப்பவில்லை, நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்" என்றார்.

அன்று போலவே தலையாட்டினால் முடிந்துவிடும் என்று இருந்தது. "வைத்துக்கொள்ள முடியாது. அவளிடம் திரும்பக் கேளுங்கள். வேறு ஆளை வைத்துக் கேளுங்கள்" என்றேன். அப்படியே நின்றேன். கடைசியில் வழக்கறிஞர்தான், எழுத்தில் வந்துவிட்டதை இல்லையென்று சொல்ல முடியாது என்று தலைவருக்கு எடுத்துச் சொன்னார்.

நேற்று விசாரணை. தமிழுக்குத் திருநெல்வேலிப் பெண் ஒருத்தியை அழைத்திருந்தார்கள், சின்ன வயது. நான் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐயம்பேட்டையிலிருந்து கஸ்தூரியின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. தூர இணைப்பென்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் கதவைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் வந்தது.

"அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினுதான் தெரியாதுன்னு சொன்னாங்க" என்றாள். கோபம் இல்லை, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் போய்ப் பார்க்காதது தன் தப்பு என்பதையும் மறக்காமல் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது போலவும் இருந்தது.

தடையை நீக்க மேலிடத்துக்கு எழுதுவதாகத் தலைவர் சொன்னார். என்னை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. எதுவானாலும் நியாயம்தான்.

கடைசியில் வழக்கறிஞர் கஸ்தூரியிடம் ஒன்று கேட்டார். இந்தப் பள்ளி மறுபடி வேலை கொடுத்தால், இதே முதல்வரின் கீழ் வருவாயா என்றார். அந்தப் பெண் அதைத் தமிழில் கேட்டாள்.

"குடுத்தா வரேன். எண்ணச் சொன்னா எண்ணறேன். ஆனா எனக்காக இனிமே அவங்க பேசக் கூடாது. எனக்கு இங்கிலீஷ் வரலைன்னாலும் பரவால்ல, நானே பேசிக்கறேன்."

அந்தப் பெண் அதையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.